ஆறாவது தாளில் ஒரு கதவு

சாலமன்ராஜ் வீட்டுக் கதவுகள் ஆவணி மாதத்திலிருந்து மூடப்படவில்லை. வாசல் கதவும் கொல்லைக் கதவும் அப்படியே திறந்து கிடந்தன. யாராவது மறந்து மூடினால் அவன் மனைவி ஜெயசீலி எழுந்து வந்து திறந்துவிடுவாள். கோபப்படமாட்டாள், ஒரு வார்த்தை பேசவும் மாட்டாள். திறந்துவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். தெருநாய் உள்ளே வந்து குழம்புச் சட்டியை உருட்டியது. ஐப்பசி மழை பிடித்ததும் சாரல் முன்னறையைப் பாதிவரை நனைத்தது. சாலமன்ராஜ் சாக்கை விரித்தான், பாயைச் சுருட்டி மேலே வைத்தான். கதவைத் தொடவில்லை.

அவனுக்குக் கதவு பெரிதில்லை. சோறுதான் பெரிது. தட்டில் வைத்ததை ஜெயசீலி பிசைவாள், உருட்டுவாள், பிறகு கையைக் கழுவிவிடுவாள். கஞ்சி என்றால் இரண்டு மிடறு இறங்கும். மதுரையில் நர்சிங் படிக்கும் மகள் ஜெஸ்லின் விடுப்பு எடுத்து வந்து ஊட்டிப் பார்த்தாள். ஜெயசீலி மகள் முன்னால் வாயில் வாங்கிக்கொண்டு, அவள் திரும்பியதும் கொல்லையில் போய்த் துப்பினாள். டாக்டர் பார்த்துவிட்டு, "உடம்புல நோய்னு ஒண்ணும் இல்ல. எப்படியாவது சாப்பிட வையுங்க. இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது" என்று சாலமன்ராஜைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

ஆவணியில் நடந்ததை ஊரே அறியும். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. நாலு பெண்கள் வேலை பார்த்த அறை வெடித்தது. இசைவாணி, தங்கத்தாய், அய்யம்மாள் மூவரும் உள்ளேயே செத்துப்போனார்கள். காகிதக் குழல் கட்டு எடுத்துவர வெளியே போயிருந்த ஜெயசீலி மட்டும் மிஞ்சினாள். வெடித்த வேகம் அவளைத் தூக்கிக் கருவேல முள்ளுக்குள் எறிந்தது. இடது கை வெந்து ஆறியது. இடது காது கேட்காமல் போய்விட்டது. வெடிமருந்து உரசித் தீப்பிடித்தது என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அறை இருந்த இடத்தில் கல்லும் மண்ணும் தவிர ஒன்றுமில்லை. அதற்குமேல் கேட்க அவர்களுக்கும் ஒன்றுமில்லை.

இசைவாணியின் தாய் முத்துமாரியம்மாளுக்கு மட்டும் கேட்க இருந்தது. வாரம் ஒருதரமாவது நடந்து வந்துவிடுவாள். திறந்த வாசலில் ஏறி ஜெயசீலிக்கு எதிரே உட்காருவாள்.

"ஏத்தா, எம்புள்ள கடைசியா என்ன சொன்னா?"

ஜெயசீலி தரையைப் பார்ப்பாள்.

"கூட இருந்தவ நீ ஒருத்திதான். உன்னத்தான கேக்க முடியும்?"

 கொஞ்ச நேரம் இருந்துவிட்டு முத்துமாரியம்மாள் எழுந்து போவாள். அன்றைக்குக் கஞ்சியும் இறங்காது.

சாலமன்ராஜ் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் படம் வரைகிறவன். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி, காலண்டர் எல்லாம் போடுவான். யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. பழைய லேபிள்களைப் பார்த்து வரைந்து, பிசகியதை அழித்து, மறுபடி வரைந்து கற்றது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றாலும் முதல் படத்தைப் பென்சிலில் போட்டால்தான் அவனுக்குக் கை ஓடும். அதுவும் வெள்ளைத் தாளில் ஓடாது. மெஷின் கிளம்பும்போது மை சமமாக விழுகிறதா என்று பார்க்க முதலில் சில வேஸ்ட் தாள்களை விடுவார்கள். அதே தாள்களையே ஒரு நாள் மத்தாப்பு லேபிளுக்கும், மறுநாள் முருகன் காலண்டருக்கும், இன்னொரு நாள் மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கும் விடுவதால் ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாம் ஏறிக் கிடக்கும். மயிலின் கழுத்தில் ஒரு குழந்தையின் கண் இருக்கும். வேல் நுனியில் மிளகாய் பழுத்திருக்கும். சாலமன்ராஜ் அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். எப்போதோ ஓர் உருவம் அதற்குள்ளிருந்து எழுந்துவரும். அதன் ஓரத்தைப் பென்சிலால் பிடித்துக்கொண்டு போவான்.

"நான் எங்க வரைஞ்சேன்? உள்ள இருக்கிறத வெளிய எடுத்தேன், அம்புட்டுதான்."

"ஆமா, சட்டிக்குள்ள இருந்து முயல எடுக்கிற மாதிரி" என்று ஜெயசீலி சிரிப்பாள். அது ஆவணிக்கு முந்தி.

அவனிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பார்க்காத முகத்தை அவனால் வரைய முடியாது. லட்சுமிக்கும் மரியாளுக்கும் ஊரில் யாரோ ஒருத்தியின் மூக்கு இருக்கும். அதனால்தான் ஆவணிக்கு முன்பு சபைப் போதகர் ஐயர் அடுத்த வருஷத்துக் காலண்டருக்கு ஆறு தாள் படம் கேட்டபோது அவன் ஜெயசீலி வேலைக்கு ஏறும் கம்பெனி வேன் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றான்.

ஐயர் கொடுத்தது பத்துப் பெண்கள் உவமை. சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. கல்யாண மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் பத்துப் பெண்கள் விளக்கோடு போகிறார்கள். ஐந்து பேர் புத்தியாக எண்ணெயும் எடுத்துப் போகிறார்கள். ஐந்து பேர் மறந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை வர நேரமாகிறது, எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள். நடுராத்திரியில் சத்தம் கேட்டு எழுந்தால் மறந்தவர்களின் விளக்கு அணையப் போகிறது. எண்ணெய் கேட்கிறார்கள், மற்றவர்கள் தரவில்லை. கடைக்கு ஓடிப்போய்த் திரும்பினால் கல்யாண வீட்டுக் கதவு அடைத்துவிட்டது. தட்டுகிறார்கள். உங்களைத் தெரியாது என்று உள்ளிருந்து குரல் வருகிறது. நினையாத நேரத்தில் வருகிற ஆண்டவருக்காக விழித்திருங்கள் என்று இதை விளக்குவார்கள்.

வேன் நிற்கிற இடத்தில் பத்துப் பெண்கள் ஏறுவது வழக்கம். அவர்களையே வரைந்தான். முதல் தாளில் விளக்கு போட்டபோது ஜெயசீலிதான் மறித்தாள்.

"நெருப்ப ஏந்திக்கிட்டு எந்தப் பொம்பள வேலைக்குப் போவா? கொலுசுகூடப் போடவிட மாட்டாக எங்கள."

விளக்கை அழித்தான். பத்துப் பேர் கையிலும் தூக்குச்சட்டி கொடுத்தான். மூடி இடுக்கில் வெளிச்சம் கசிகிற மாதிரி போட்டான். விடிவதற்கு முந்திய கருக்கலில் அந்தப் பத்து வெளிச்சமும் தரையில் விழுந்து பாதை காட்டின. இரண்டாம் தாளில் காத்திருப்பு. வேப்பமரத்தடியில் அவர்களுடைய நிழல்கள் நீண்டு, அதுவே வராத வேனுக்கான ரோடாகப் போனது. மூன்றாம் தாளில் தூக்கம். வேனுக்குள் பத்துத் தலைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அதில் யார் புத்தியுள்ளவள், யார் புத்தியில்லாதவள் என்று எப்படிப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. கதையில் எல்லாருமே தூங்கினார்கள் என்று வருகிறதே, அதை யாரும் கவனிப்பதில்லை என்பது அவன் கட்சி.

பின்னால் வரும் தாள்களுக்கு யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் அப்போதே குறித்துவைத்தான். இசைவாணியும் தங்கத்தாயும் அய்யம்மாளும் உள்ளே. ஜெயசீலி வெளியே. வேனில் முதலில் தூங்குகிறவள், தூக்குச்சட்டி மூடியை மறந்துவிட்டுப் போகிறவள் அவள்தான்.

இசைவாணிக்கு இது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. "யக்கா, கட்டுன புருசனே ஒங்கள வாசல்ல நிறுத்திட்டாகளே! நான் உள்ள இருந்து ஒரு எலையில சோறு தள்ளிவிடுறேன், கவலப்படாதீக."

"ஓயாம இருமுறவ நீ தள்ளிவிடுற சோத்துல இருமலும் சேந்து வரும். போடி."

ஐந்தாம் தாளில் எண்ணெய் தர மறுப்பதைப் போடப்போவதாகச் சொன்னதும் வேனில் ஏறப்போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். "அது எப்படி அண்ணே குடுக்காம இருப்பாக? தங்கத்தாயக்காவுக்குக் கை ஓடாத அன்னைக்கு நாங்க செஞ்சதுல ஆளுக்குக் கொஞ்சம் அவக பக்கம் தள்ளிவிட்டுருவோம். போர்மேன் வாய்க்கு யாரு பயப்படுறது?" என்றாள் இசைவாணி. தங்கத்தாய் வெட்கப்பட்டு, "ஏட்டி, படத்துலயும் என் மானத்த வாங்காத" என்றாள்.

பிறகு ஆவணி வந்தது. மூன்று தாள் முடிந்திருந்தது.

மிச்சத்தைப் போடாமல் விட்டுவிடலாம் என்றுதான் சாலமன்ராஜ் நினைத்தான். ஐயரும் அவசரமில்லை என்றார். ஆனால் அந்தத் தாள்கள் வீட்டில் இருந்தன. ஜெயசீலி சோற்றைப் பார்க்கமாட்டாள், மகளைப் பார்க்கமாட்டாள், அந்த மூன்று தாளையும் மட்டும் பார்ப்பாள். வேனில் தூங்கும் தலைகளின்மேல் விரலை வைத்தபடி இருப்பாள். வேறு எதிலும் அவள் கண் நிலைக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகு அவன் மற்ற தாள்களைத் தொடங்கினான். வீட்டிலேயே, அவள் பார்க்க, தரையில் உட்கார்ந்து போட்டான்.

நாலாம் தாளில் நடுராத்திரிச் சத்தம். பத்து முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. கன்னத்தில் எங்கிருந்தோ வெளிச்சம் அடித்தது. எதைப் பார்க்கிறார்கள் என்பதைத் தாளுக்கு வெளியே விட்டான். ஐந்தாம் தாளில் முகமே இல்லை, கைகள் மட்டும். யார் கை கொடுக்கிறது, யார் கை மூடிக்கொள்கிறது என்று தெரியாதபடி பின்னிக் கிடந்தன. இசைவாணி சொன்னதை மீறி அவனால் மறுக்கிற கையைப் போட முடியவில்லை. ஜெயசீலி இரண்டையும் பார்த்தாள். 

ஆறாம் தாளுக்கு அவன் எடுத்த வேஸ்ட் தாளில் பழைய தரைச்சக்கரப் பட்டாசுப் பெட்டி லேபிளும் ஒரு சாமி படத்து மண்டபமும் ஏறியிருந்தன. மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே ஒரு கதவு இருப்பதை அவன் முன்னமே பார்த்துவைத்திருந்தான். அதை வெளியே எடுத்தான். கதவுக்கு முன்னால் ஐந்து பெண்கள், முதுகு காட்டி, கை ஓங்கித் தட்டுகிறார்கள். முன்னால் நிற்பவளின் இடது கையில் வெந்த வடு. முகம் தெரியாவிட்டாலும் அது ஜெயசீலி. அவள் மேல் கோபமோ குறையோ அவனுக்கு இல்லை. தட்டு, உள்ளே போகக் கேளு, எதையாவது கேளு என்றுதான் அவன் பென்சிலால் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெயசீலி நகர்ந்து வந்து குனிந்து பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக முழுதாக ஒரு பேச்சு வந்தது.

"தப்பா போட்டிருக்கீக."

"எது சீலி?"

"தட்டுனது வெளிய இருந்து இல்ல. உள்ள இருந்து."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

அவள் தாளைப் பார்த்தபடியே சொன்னாள். அன்றைக்கு மேற்கே இருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. மருந்து பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறியது. அறைக்கு இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறப்பது. வேலை நேரத்தில் இரண்டும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி, தாழ்ப்பாளும் கிடையாது. காற்றுக் காலத்தில் அந்த விதியை யாரும் பார்ப்பதில்லை. மேற்குக் கதவைச் சாத்துவார்கள், தாழ் இல்லாததால் அது அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே ஒரு கல்லை நகர்த்தி வைப்பார்கள். எல்லா அறையிலும் அப்படித்தான். அன்றைக்குக் கல்லை வைத்தது ஜெயசீலி.

"குழல் கட்ட எடுத்துக்கிட்டு அந்தப் பக்கமாத்தான் வந்தேன். சீறுற சத்தம் கேட்டுச்சு. கெழக்கு வாசல் பூரா தீ. எல்லாரும் இந்தக் கதவுக்குத்தான ஓடி வருவாக? தட்டுனாக. கதவு அசையுது, தெறக்கல. கல்லு என் காலுக்கு முன்னால கெடக்கு. எட்டி ஒதச்சிருந்தாப் போதும்." அவள் தன் காலைப் பார்த்தாள். "அனலு வந்துச்சு. என் காலு திரும்பிருச்சுங்க. நான் திருப்பல, அதுவா திரும்பிருச்சு."

சாலமன்ராஜ் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "யாரு வைக்கச் சொன்னா? போர்மேனா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். "இசைவாணி. இருமலு தாங்கல அவளுக்கு. அத நான் எப்படி அவ ஆத்தாகிட்ட சொல்லுவேன்? செத்தவ மேல கொண்டுபோயி வைக்கவா?"

அன்றைக்கும் அவள் சாப்பிடவில்லை. சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று அவன் நம்பியிருந்தான். இறங்கவில்லை.

மறுநாள் அந்த ஆறாம் தாளை அழிக்க முயன்றான். பென்சில் கோடு போனது, அச்சு ஏறிய வண்ணம் அப்படியே நின்றது. வேறு தாள் எடுத்துப் புதிதாகப் போட்டான். கதவு மட்டும் தாள் முழுக்க. மூடிய கதவின் நாலு இடுக்கிலும் வெளிச்சம். வெளியே ஒருத்தி, பாதி திரும்பிய உடம்பு, ஒரு கால் போகிற பக்கமும் ஒரு கால் கதவுப் பக்கமும். கதவடியில் ஒரு கல். உள்ளிருந்து தட்டுவதை எப்படிக் காட்டுவது என்று வெகுநேரம் பார்த்துவிட்டு, பலகையின் நடுவில், உள்ளங்கை பட்டுச் சூடேறிய இடம் மாதிரி மூன்று தடங்களை லேசாக எழுப்பினான். ஜெயசீலி பக்கத்தில் இருந்து, கல் இன்னும் பெரிது என்றாள். பெரிதாக்கினான்.

ஐயர் ஆறு தாளையும் வரிசையாகப் பார்த்தார். ஐந்தாம் தாள் வரை தலையை ஆட்டினார். ஆறாவதில் நின்றார்.

"சாலமன், உவமையில உள்ளே நடக்கிறது கல்யாணம். நீ தீயைப் போட்டிருக்கியே."

"வெளிச்சம்தான் ஐயா போட்டிருக்கேன். இடுக்குல வர்றது கல்யாண வெளிச்சமா தீயான்னு வெளிய நிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?"

"கதவை அடைச்சது ஆண்டவர். அது அவருடைய நியாயம். இங்கே யாரோ ஒரு கல்லை வச்சிருக்காங்க."

"எங்க ஊருல அப்படித்தான் ஐயா அடைபடுது."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயசீலியைப் பற்றி அவருக்கும் தெரியும், வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தவர்தான். "வருஷக் கடைசி ரெண்டு மாசம் இது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலயும் தொங்கணும். கிறிஸ்மஸ் வர்ற மாசம். அந்த மூணு வீட்டு ஆளுகளும் நம்ம ஊர்லதான் நடமாடுறாங்க. என்னால முடியாதுப்பா." ஆறாம் தாளுக்கு அச்சகத்தில் தயாராக இருக்கும், இயேசு பிறந்த மாட்டுத்தொழுவப் படத்தையே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.  சாலமன்ராஜ் படத்தைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் வீட்டுக்கு நடந்தான்.

முன்னறையில் முத்துமாரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்திருந்தாள் என்பது இருவரும் இருந்த இருப்பிலேயே தெரிந்தது. சாலமன்ராஜ் சுருளை எடுத்துப் பரண்மேல் போடப் போனான்.

"குடுங்க" என்றாள் ஜெயசீலி.

"வேண்டாம் சீலி."

அவள் எழுந்து வந்து அவன் கையிலிருந்து வாங்கினாள். முத்துமாரியம்மாளுக்கு முன்னால் விரித்து, சுருளாமல் இருக்க இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள். 

முத்துமாரியம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது அந்த ரூமு கதவா?"

"ஆமா சின்னம்மா."

"இது?"

"கல்லு."

"வெளிய எதுக்குத்தா கல்லு?"

"காத்துக்கு. நான்தான் வச்சேன்." ஜெயசீலியின் குரல் மட்டமாக, வேறு யாரோ பேசுவதுபோல வந்தது. "தீப்பிடிச்சதும் தட்டுனா. எனக்குக் கேட்டுச்சு. நான் எடுக்கல. ஓடிட்டேன்."

சாலமன்ராஜ் வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவே நின்றான். முத்துமாரியம்மாள் எழுந்து அடித்தால் தடுக்கவேண்டும் என்று நின்றானா, கத்தினால் அக்கம்பக்கம் வராமல் பார்க்க நின்றானா, அவனுக்கே தெரியவில்லை. முத்துமாரியம்மாள் எழவில்லை. 

"காத்துக்கா?" என்றாள் கடைசியில். "அவ கேட்டாளா, வைக்கச் சொல்லி?"

ஜெயசீலி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கேட்டிருப்பா. முந்தின நாளு பூரா இருமுனா. வேனுக்குக் கெளம்புறப்ப நான்தான் சொல்லிவிட்டேன். காத்துல ஒக்காராதத்தா, ஜெயசீலியக்காகிட்டச் சொல்லிக் கதவ அடைக்கச் சொல்லுன்னு." முத்துமாரியம்மாள் தன் நெஞ்சைத் தொட்டாள், பிறகு அந்தக் கையை எடுத்துப் படத்தில் இருந்த கல்லின்மேல் வைத்தாள். "நான்தான சொல்லிவிட்டேன்."

விரலால் கல்லைத் தள்ளினாள். ஓரமாக நகர்த்துவதுபோல மறுபடி மறுபடி தள்ளினாள். பென்சில் ஈயம் கரைந்து தாள்மேல் சாம்பல் நிறமாக இழுபட்டது. கதவின் கீழ்ப்பாதி கலைந்தது. போட்ட படத்தில் பிறர் கை படச் சம்மதிக்காத சாலமன்ராஜ் பார்த்துக்கொண்டு நின்றான். கல் ஒரு கறையாகும்வரை முத்துமாரியம்மாள் கையை எடுக்கவில்லை.

"என்ன சொன்னா?" என்று மறுபடி கேட்டாள்.

"அக்கான்னு கூப்பிட்டா. அம்புட்டுதான் சின்னம்மா. அக்கா, அக்கான்னு."

முத்துமாரியம்மாள் அழுதாள். ஜெயசீலி அழவில்லை. அவளிடம் அதற்கான தெம்பும் இல்லை. வெகுநேரம் கழித்து முத்துமாரியம்மாளின் தலை ஆடத் தொடங்கியதைப் பார்த்து, "காலைல ஏதாவது சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். இல்லை என்பதுபோல் கை அசைந்தது. ஜெயசீலி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சாலமன்ராஜ் காலையில் வடித்துவைத்த சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு வந்தாள். முத்துமாரியம்மாள் பாதி தின்றாள். மிச்சத்தைத் தட்டோடு ஜெயசீலி பக்கம் தள்ளினாள்.

"தின்னு."

"எறங்காது சின்னம்மா."

"எனக்கு மட்டும் எறங்குதா? தின்னு."

ஜெயசீலி ஒரு வாய் வைத்தாள். மென்றுகொண்டே இருந்தாள். சாலமன்ராஜ் கலைந்த படத்தைச் சுருட்டுகிற சாக்கில் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறி இறங்கியது. இன்னொரு வாய் எடுத்தாள். மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டில் போட்டாள். கொல்லைக்குப் போகவில்லை.

முத்துமாரியம்மாள் இருந்த இடத்திலேயே சரிந்து தூங்கிவிட்டாள். மழை திசை மாறி நேராக வாசலுக்குள் அடிக்க ஆரம்பித்தது. சாரல் அவள் பாதத்தில் விழுந்தது. தூக்கத்திலேயே காலை மடக்கினாள், மறுபடி நனைந்தது, இன்னும் மடக்கினாள். ஜெயசீலி அந்தக் கால்களைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

தாழ் போடவில்லை. காற்று கதவைத் தள்ளியது. சாலமன்ராஜ் எழுந்தான். எதையாவது அண்டக் கொடுக்கலாம் என்று அவன் கண் மூலையில் கிடந்த அம்மிக்குழவிக்குப் போய், அங்கே நிற்காமல் திரும்பிவிட்டது. ஜெயசீலி கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். தலையைத் திருப்பி, கேட்கிற வலது காதைப் பலகையில் வைத்துக்கொண்டாள். காற்று தட்டியபோதெல்லாம் நகர்ந்து, கொஞ்சம் திறந்து, வெளியே பார்த்துவிட்டு, மறுபடி சாத்தினாள்.